தியேட்டரை இடிப்பதா, முகப்பை மட்டும் நிறுத்துவதா, மண்டபமாகவே காப்பதா?

எங்கள் நகரத்தில், ரயில் நிலையத்திலிருந்து இறங்கும் சரிவான பாதை பஸ் நிலையத்தைத் தொடும் இடத்தில் பழைய தியேட்டர் ஒன்று நிற்கிறது. அதை இடித்துவிட்டு, நிலத்துக்கடியில் வாகனத் தரிப்பிடமும் மேலே ஐந்து மாடிக் கடைத்தொகுதியும் கட்டுவதற்கான வரைபடம் இப்போது நகர சபையின் மேசைக்கு வந்திருக்கிறது. ஊரில் இதைப் பற்றிப் பேசாத தேநீர்க் கடை இல்லை. இடிக்கவே கூடாது என்பவர்கள், இடிக்காமல் விட்டால் அதை யார், எந்தப் பணத்தில், எதற்காக நடத்துவது என்று சொல்வதில்லை. இடித்தால்தான் டவுன் முன்னேறும் என்பவர்கள், இடித்த பின் எது திரும்பக் கிடைக்காது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. நான் எந்தப் பக்கம் என்பதை மறைக்க விரும்பவில்லை. இந்த மண்டபம் மண்டபமாகவே நிலைக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. ஆனால் எனக்கு உடன்பாடில்லாத தெரிவுகளுக்கும் அவற்றுக்குரிய நியாயத்தைக் கொடுத்தே இங்கே ஒப்பிட முயன்றிருக்கிறேன்.

இலங்கையின் மலைநாட்டு நகரங்கள் பெரும்பாலும் ரயில் பாதையை ஒட்டி வளர்ந்தவை. 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும், 1924இல் பதுளையையும் எட்டிய அந்தப் பாதையில் தேயிலைப் பெட்டிகள் கீழே இறங்கின, அரிசியும் உரமும் மேலே ஏறின. பிற்காலத்தில் படப் பெட்டிகளும் அதே ரயிலில்தான் வந்தன. சம்பளம் போட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக டவுனுக்கு வருவார்கள். கடைக் கணக்கைத் தீர்த்து, சாமான் வாங்கி, கோயிலுக்குப் போய்விட்டு, கடைசியில் படம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கை, இந்தியா என்ற இரண்டு நாடுகளுக்கிடையே பங்கு பிரிக்கப்பட்ட தோட்ட மக்கள், வாக்குச்சீட்டு கிடைக்காத ஆண்டுகளிலும் இங்கே நுழைவுச்சீட்டு வாங்கி, நகரத்தின் மற்ற மக்களோடு ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கவாதியான வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இல் வெளிவந்தபோது, மலையகத்து மக்கள் தங்கள் வாழ்க்கையை இப்படிப்பட்ட திரைகளில்தான் கண்டார்கள். தோட்டத்துக்குள் கோயிலும் மைதானமும் உண்டு. மாசி மாதத்தில் காமன் கூத்துக்குக் கம்பம் நடும் இடம் உண்டு. நகரத்துக்குள் அவர்கள் உரிமையோடு கூடி உட்கார்ந்த கூரைகள் மிகச் சில.

கட்டிடக்கலை நூல்களில் இடம்பிடிக்கும் அளவுக்கு இது அழகான கட்டிடம் அல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முகப்பில் மூன்று செங்குத்துப் பட்டைகள், ஒரு வட்டச் சாளரம். பின்னால் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்ட நீண்ட பெட்டி போன்ற மண்டபம். மேலே மரச் சட்டங்கள், அவற்றின்மேல் தகரம். ஆனால் அருகில் போய்ப் பார்த்தால் இந்தக் கட்டிடம் பேசும். டிக்கட் கொடுக்கும் துவாரங்கள் இரண்டு இருக்கின்றன. மலிவு இருக்கைகளான கலரிப் பக்கத்துத் துவாரத்தின் சிமெந்து விளிம்பு கைபட்டுக் கைபட்டு வழவழவென்று குழிந்திருக்கிறது. பல்கனிப் பக்கத்துத் துவாரத்தின் விளிம்பு இன்னும் கூர்மையாகவே இருக்கிறது. எந்த வாசலில் எவ்வளவு கூட்டம் நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவேடு தேவையில்லை. படம் ஓட்டும் அறைக்கு இரும்பு ஏணியில் ஏற வேண்டும். அங்கே இரண்டு 35 மில்லிமீற்றர் இயந்திரங்கள் அருகருகே நிற்கின்றன. ஒரு சுருள் ஏறத்தாழ இருபது நிமிடங்களில் முடியும். முடியும் அந்தக் கணத்தில், பார்ப்பவர்களுக்குத் தெரியாமல், அடுத்த இயந்திரத்துக்கு மாற்ற வேண்டும். இரண்டு கரிக்குச்சிகளுக்கு இடையில் எரியும் சுடர்தான் திரைக்குப் போகும் வெளிச்சம் என்பதால், குச்சிகள் எரிந்து குறையக் குறைய இடைவெளியைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். மூலையில் பால்மா டின் ஒன்று நிறைய, எரிந்து மிஞ்சிய கரித்துண்டுகள் இன்னும் கிடக்கின்றன.

அந்த அறையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஆபரேட்டர் ஐயாவை அண்மையில் சந்தித்தேன். இடிப்பு, பாதுகாப்பு என்ற பேச்சுகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றுதான்: "தம்பி, படம் ஓடாட்டியும் பரவாயில்ல, கூரைய மட்டும் பாத்துக்கங்க. சட்டத்துக்குள்ள தண்ணி எறங்கிருச்சுன்னா அப்புறம் நீங்க கூட்டம் போட்டு ஒண்ணும் ஆகப் போறதில்ல."

தியேட்டர் நலிந்ததற்கு உரிமையாளரைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. இலங்கையில் தொலைக்காட்சி 1979இல் வந்தது. 1982இல் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. 1983 ஜூலை வன்செயலில் நாட்டின் பல பாகங்களிலும் தியேட்டர்கள் எரிந்தன, எரியாதவற்றிலும் இரவுக் காட்சிக்குப் போகும் துணிவு மக்களிடம் குறைந்தது. பிறகு வீடியோக் கடைகள், இறுவட்டுகள், கைத்தொலைபேசிகள் வந்தன. படச்சுருள் போய் டிஜிட்டல் முறை வந்தபோது புதிய இயந்திரத்துக்கு முதலிடும் வசதி சிறு நகர உரிமையாளர்கள் பலருக்கு இருக்கவில்லை. 2020இன் பெருந்தொற்றும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் மிச்சத்தை முடித்துவைத்தன. வருமானமே இல்லாத கட்டிடத்துக்கு ஆதன வரியும் காவலாளி சம்பளமும் கட்டிவரும் குடும்பத்திடம், நினைவுகளுக்காக இதை இப்படியே வைத்திருங்கள் என்று கேட்கும் உரிமை ஊருக்கு இல்லை. ஊர் ஒரு பங்கைச் சுமக்கத் தயாராக இருந்தால்தான் அதைக் கேட்க முடியும்.

தெரிவுகளை எடைபோட நான் மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டேன். வேலைகள் எல்லாம் முடிந்த பிறகு, தோட்டத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை இறங்கிவரும் ஒரு குடும்பம் இந்தக் கதவால் உள்ளே போக முடியுமா? உரிமையாளருக்கு நியாயமான வருமானம் கிடைக்குமா? இந்தச் சரிவும் இந்த மழையும் அந்தத் திட்டத்தைத் தாங்குமா? முதலாவது கேள்விக்கே நான் கூடிய எடை கொடுக்கிறேன். கட்டிடம் நின்றும் மக்கள் உள்ளே போக முடியாமல் போனால், அதைக் காப்பாற்றியதாக நான் கொள்ளமாட்டேன்.

முழுமையாக இடித்துப் புதிய தொகுதி கட்டும் திட்டத்துக்கு உண்மையான பலங்கள் உண்டு. உரிமையாளருக்கு உடனடியாகவும் பெரிதாகவும் வருமானம் வரும். நகரத்தில் வாகனங்களை நிறுத்த இடமில்லை என்பது நாம் எல்லோரும் தினமும் அனுபவிக்கும் துன்பம். புதிய கடைகளில் நம் பிள்ளைகள் சிலருக்கு வேலை கிடைக்கும். கொழும்புக்குப் போய் அறை வாடகைக்கும் பஸ்ஸுக்கும் சம்பளத்தைத் தொலைக்கும் இளைஞர்களின் பெற்றோரிடம் இதை அற்பமாகப் பேச முடியாது. மேல் மாடியில் நவீன சிறு திரையரங்கு ஒன்றும் வரைபடத்தில் இருக்கிறது, ஆகவே சினிமாவும் போய்விடாது என்கிறார்கள்.

அந்தக் கடைசி வாதத்தைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். கடைத்தொகுதியின் மேல் மாடியில் இயங்கும் சிறு திரையரங்கு, குறைந்த இருக்கைகளில் கூடிய கட்டணம் பெற்றால்தான் நிலைக்கும். அது இந்த வணிகத்தின் இயல்பு, அதில் யாருடைய பேராசையையும் நான் காணவில்லை. ஆனால் நாட்சம்பளத்தில் வாழும் ஐந்து பேர் கொண்ட குடும்பம் மின்படியில் நான்கு மாடி ஏறி அந்தக் கதவை அடையும் என்று நான் நம்பவில்லை. மேலும், நாடகம் போடவோ, பாடசாலைக் கலைவிழா நடத்தவோ, நினைவுக் கூட்டம் வைக்கவோ அத்தகைய அறை உதவாது. அதில் மேடை இல்லை, ஒப்பனை அறை இல்லை, தளம் வேறு ஒருவருடைய வர்த்தக நேரத்துக்குக் கட்டுப்பட்டது.

நிலத்தைப் பற்றிய கேள்வி இதைவிடக் கனமானது. தியேட்டரின் பின்சுவருக்கு அப்பால் நிலம் செங்குத்தாக ஏறுகிறது, அதன் உச்சியில் ரயில் பாதை. நிலத்துக்கடியில் வாகனத் தரிப்பிடம் என்றால் அந்தச் சரிவின் அடியைத் தோண்ட வேண்டும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் செய்த அழிவின் தடயங்கள் இன்னும் கண்முன் இருக்கின்றன. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டிட அனுமதிக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும் என்பது நடைமுறை. அந்த அறிக்கை எந்த ஆழம்வரை, எந்தத் தாங்குசுவருடன், எந்த வடிகாலுடன் தோண்டலாம் என்கிறது என்பதைப் பொதுமக்கள் பார்க்கும் முன்னர் சபை இந்த வரைபடத்தைப் பற்றி முடிவெடுக்கக் கூடாது. தியேட்டர் மீது எந்தப் பற்றும் இல்லாதவர்கள்கூட இதில் என்னோடு ஒத்துப்போவார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்து, சமரசம் போலத் தோன்றும் ஒரு யோசனை: முகப்பை மட்டும் நிறுத்திவைத்து, அதன் பின்னால் புதிய தொகுதியைக் கட்டுவது. வீதியில் போகிறவர்களுக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது, உரிமையாளருக்கும் தளப்பரப்பில் பெரிய இழப்பில்லை. சபை உறுப்பினர்கள் சிலருக்கு இது பிடித்திருப்பதன் காரணமும் புரிகிறது, ஏனென்றால் இரு தரப்புக்கும் இல்லை என்று சொல்லாமல் தப்பிக்கொள்ளலாம். என் பார்வையில் எல்லாத் தெரிவுகளிலும் இதுவே மோசமானது. இந்தக் கட்டிடத்தில் முகப்புதான் மிகச் சாதாரணமான பகுதி. குழிந்த டிக்கட் துவாரம் பக்கச் சுவரில் இருக்கிறது. சரிந்திறங்கும் தளமும், கலரியின் நீண்ட மர வாங்குகளும், பல்கனியின் வளைவும் உள்ளே இருக்கின்றன. தனித்து நிற்கும் சுண்ணாம்புச் சாந்துச் சுவரை, பின்னால் ஆழமாகத் தோண்டும்போது இரும்புச் சட்டங்களால் தாங்கிப் பிடிப்பது செலவும் ஆபத்தும் மிக்க வேலை. மழைக்காலத்தில் அது சரிந்தால், பாதுகாப்பு விபத்தாகிவிட்டது என்ற அறிவிப்போடு எல்லாம் முடிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான வழியும் உலகத்தில் கையாளப்பட்டிருக்கிறது. லண்டன் ஹாமர்ஸ்மித்தில் 1895ஆம் ஆண்டின் லிரிக் அரங்கை 1972இல் இடித்தபோது, உட்புறத்தின் சுதை வேலைப்பாடுகளைக் கழற்றி எடுத்துவைத்து, 1979இல் புதிய கட்டிடத்துக்குள் பழைய அரங்கையே மீண்டும் பொருத்தித் திறந்தார்கள். வெளிப்புறம் போனாலும் மக்கள் உட்கார்ந்த இடம் பிழைத்தது. ஒரு நகரத்துக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் உட்புறத்தைத்தான் கேட்பேன். ஆனால் அந்த அளவு பணமும் கைத்திறனும் எங்கள் நகரத்தில் திரளும் என்று எதிர்பார்க்க முடியாது.

சட்டம் காப்பாற்றும் என்று நம்பியிருப்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் புராதனச் சின்னத்துக்கு வைக்கும் எல்லைக்கோடு 1815 மார்ச் 2, அதாவது கண்டி ஒப்பந்தத்தின் நாள். அதற்குப் பிற்பட்ட ஒரு தியேட்டர் தானாக அந்தப் பாதுகாப்புக்குள் வராது. பாதுகாக்கப்பட்ட சின்னம் என்று தனியாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் நகர அபிவிருத்தி அதிகார சபை, நகரத் திட்டத்தில் இதைப் பேணவேண்டிய கட்டிடமாகக் குறிப்பது இன்னொரு வழி. இரண்டையும் கேட்க வேண்டும், இன்றே கேட்க வேண்டும். ஆயினும் இடிக்காதே என்று சொல்லக்கூடிய சட்டம், ஒழுகும் தகரத்தை மாற்றித் தருவதில்லை. அறிவித்தல் பலகை வாசலில் நிற்க, உள்ளே கூரை விழுந்து கிடக்கும் கட்டிடங்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

கட்டிடத்தை வைத்துக்கொண்டு பயன்பாட்டை மாற்றுவது நான்காவது தெரிவு. மலைநாட்டில் இதற்கு நல்ல முன்னுதாரணங்கள் உண்டு. கந்தப்பளையில் மூடிக்கிடந்த ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. பழைய இரும்புத் தூண்களும் இயந்திரங்களும் அப்படியே பேணப்பட்டன. கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலை 2001இல் தேயிலை அருங்காட்சியகமாயிற்று. கம்பளைப் பக்கத்துப் பழைய பீக்கொக் தோட்டத்தில், தொழிலாளர் வாழ்ந்த லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக 2007இல் மாற்றினார்கள். மூன்றும் கட்டிடத்தைக் காத்தன. ஆனால் மூன்றும் ஒன்றல்ல. கொழுந்து பறித்தவரின் பேத்தி பீக்கொக் லயத்துக்குள் நுழையும்போது, அது தன் வீட்டுக் கதை என்று அறிவாள். கந்தப்பளை ஹோட்டலுக்குள் அவள் நுழைவது பெரும்பாலும் வேலை செய்வதற்காகத்தான் இருக்கும்.

சென்னை அண்ணா சாலையில் 1913இல் எழுந்த எலக்ட்ரிக் தியேட்டர் இன்று தபால்தலைப் பணியகமாக இருக்கிறது. அந்தக் கட்டிடம் பிழைத்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே ஒரு காலத்தில் கூட்டமாகச் சிரித்தார்கள் என்பதைச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இங்கே நுவரெலியாவில் 1894இல் கட்டப்பட்ட செங்கல் தபால் நிலையத்தைச் சுற்றுலா முதலீட்டுக்கு விடும் யோசனை எழுந்தபோது, 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடிதம் போடும் இடம் கடிதம் போடும் இடமாகவே இருக்க வேண்டும் என்று ஊழியரும் ஊரவரும் கேட்டதில் இருந்த நியாயம்தான், எங்கள் தியேட்டரிலும் இருக்கிறது. சுப்பர் மார்க்கட் நிறுவனம் ஒன்று மண்டபத்தைக் குத்தகைக்குக் கேட்டதாக ஊரில் பேச்சு. அப்படி நடந்தால் சரிந்திறங்கும் தளத்தைச் சமமாக்கி, பல்கனியின்கீழ் தட்டி அடித்து, குளிரூட்டிக் குழாய்களுக்காகச் சுவரைத் துளைப்பார்கள். சரிவைச் சமமாக்கிய நாளிலேயே அது தியேட்டராகத் திரும்பும் வாய்ப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். எனவே இந்தத் தெரிவை முற்றாக நிராகரிக்காவிட்டாலும், மாற்றங்கள் எல்லாம் திரும்பப் பெறக்கூடியவையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஏற்க முடியும்.

நகர சபையே வாங்கி நடத்தட்டும் என்பவர்கள் கொழும்பு மருதானை டவர் மண்டபத்தைக் காட்டுகிறார்கள். 1911இல் நூர்த்தி எனப்படும் சிங்கள இசை நாடகங்களுக்காகத் திறக்கப்பட்டு, பின்னாளில் சினிமா காட்டி நலிந்த அந்த மண்டபத்தை, 1978ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மன்றம் ஒன்று பொறுப்பேற்றதால்தான் அது இன்றும் மேடையாக இருக்கிறது. அது வலுவான உதாரணம். ஆனால் டவர் மண்டபத்துக்குப் பாராளுமன்றச் சட்டமும் தலைநகரத்து நாடக உலகமும் துணைநின்றன. குப்பை லொறிக்கு டயர் மாற்றவே மாதக்கணக்கில் காத்திருக்கும் ஒரு மலைநாட்டு நகர சபை, வங்கிக் கடன் எடுத்துத் தியேட்டர் வாங்கினால், முதல் ஆண்டின் திறப்புவிழாப் பூமாலை வாடிய பின் பராமரிப்புப் பணம் எங்கிருந்து வரும்? சபை மாறும்போதெல்லாம் முன்னுரிமையும் மாறும். சபை இல்லாமல் இந்தக் காரியம் ஆகாது, ஆனால் சபையிடம் மட்டும் ஒப்படைத்தாலும் ஆகாது.

வேறு நாடுகளில், கட்டிடத்துக்கு மேலே கட்டாமல் விட்ட தளப்பரப்பின் உரிமையை வேறொரு காணிக்கு விற்க விடுவதும் உண்டு. நியூயோர்க் நகரம் 1998இல் தன் நாடக அரங்குகளுக்கு அந்த வழியைத் திறந்தது. விற்ற அரங்கு அரங்காகவே நீடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. யோசனை அருமையானது, ஆனால் அப்படிப்பட்ட உரிமையை விலைகொடுத்து வாங்க வானளாவிய கட்டிடங்கள் வரிசையில் நிற்கும் நகரம் வேண்டும்.

ஆகவே நான் முன்வைப்பது ஒரு கூட்டு ஏற்பாடு. காணியும் கட்டிடமும் குடும்பத்துக்கே சொந்தமாக இருக்கட்டும். வீதியோரமாக உள்ள முன்பகுதியில், டிக்கட் கூடத்தின் இரு பக்கத்திலும் இருக்கும் அறைகளைக் கடைகளாக மாற்றி வாடகை பெறும் உரிமையும் அவர்களுக்கே. பின்னாலுள்ள சைக்கிள் கொட்டகை நிலத்தில், தோண்டாமல் தரைமட்டத்தில், சிறு வாகனத் தரிப்பிடம் அமைக்கலாம். மண்டபத்தை மட்டும் நீண்டகாலக் குத்தகைக்கு ஒரு நம்பிக்கைப் பொறுப்பு (டிரஸ்ட்) எடுத்துக்கொள்ள வேண்டும். 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டமோ, 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின்கீழ் வரும் உத்தரவாத வரையறைக் கம்பனி வடிவமோ இதற்கு இடமளிக்கின்றன. பொறுப்பாளர்களில் நகர சபையின் பிரதிநிதி ஒருவர், உரிமையாளர் குடும்பத்தில் ஒருவர், பாடசாலை அதிபர்கள், வர்த்தகர்கள், தோட்டக் கமிட்டிகளின் தலைவர்கள், தோட்டத்துப் பெண்கள் ஆகியோர் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னவர்களை மரியாதைக்காகச் சேர்க்கவில்லை. மண்டபத்தின் நேர அட்டவணையை, கொழுந்து நிறுக்கும் மடுவம் மூடி, பஸ் பிடித்து டவுனுக்கு வர எவ்வளவு நேரமாகும் என்று அறிந்தவர்கள்தான் சரியாகப் போடுவார்கள்.

பணம் எப்படி வரும் என்ற கேள்விக்கு, தினசரி நான்கு காட்சிகள் ஓட்டி வரும் என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலம் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைகளிலும், தைப்பொங்கல், தீபாவளி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாள்களிலும் படம். பாடசாலைத் தவணை முடிவுகளில் கலைவிழாக்கள். நாடகக் குழுக்களுக்கு ஒத்திகையும் மேடையேற்றமும். தொழிற்சங்கங்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஆண்டுக்கூட்டம். நடுவில் திருமண வரவேற்புகள். எங்கள் நகரத்தில் மழை பெய்யும் மாதங்களில் நூற்றுக்கணக்கானோர் கூடி உட்கார, கல்யாண மண்டபங்களைத் தவிர வேறு இடமில்லை; அவற்றின் வாடகையைப் பாடசாலைகள் தாங்குவதில்லை. சபை தன் பங்காக மண்டபப் பகுதிக்கு ஆதன வரியைக் குறைக்கலாம், தான் பெறும் களியாட்ட வரியிலும் சலுகை தரலாம். வெறும் கையால் வாழ்த்துரை வழங்குவதைவிட அது பெரிய உதவி.

இந்த ஏற்பாட்டின் பலவீனங்களையும் சொல்லிவிட வேண்டும். உரிமையாளருக்குக் கிடைக்கும் வருமானம், ஐந்து மாடித் தொகுதி தரக்கூடியதைவிடக் குறைவு என்பதில் ஐயமில்லை. ஆழத் தோண்டுவதற்கும் தாங்குசுவருக்கும் கடன் வட்டிக்கும் ஆகும் செலவைக் கழித்துப் பார்த்தால் அந்த இடைவெளி சுருங்கும், ஆனால் மறையாது. குடும்பத்தில் வெளிநாட்டில் இருக்கும் பங்காளிகள் தங்கள் பங்கை இப்போதே பணமாகக் கேட்கலாம், அப்போது ஊர் நிதி திரட்டி அந்தப் பங்கை வாங்க வேண்டிவரும். இரண்டாவது பலவீனம் ஆட்கள். இப்படிப்பட்ட பொறுப்புகள் முதல் ஐந்து ஆண்டுகள் உற்சாகத்தில் ஓடும். பிறகு இரண்டு பேர் தலையில் விழும். சம்பளம் பெறும் முகாமையாளர் ஒருவரை முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளாவிட்டால், இதைத் தொடங்காமல் இருப்பதே மேல். மூன்றாவது, மலையகத்தில் எந்தப் பொதுக் காரியத்தையும் தொடரும் கட்சிப் பிரச்சினை. எந்தச் சங்கத்தின் கொடி எந்தப் பக்கம் என்ற சண்டை வாசலிலேயே தொடங்கிவிடக் கூடாது என்றால், மண்டபத்தை எல்லாச் சங்கங்களுக்கும் ஒரே வாடகைக்குத் தருவது என்ற விதி எழுத்தில் இருக்க வேண்டும்.

வேலை எந்த வரிசையில் நடக்க வேண்டும் என்பதில்தான் நல்ல திட்டங்கள் பல கெட்டுப்போகின்றன. முகப்புக்கு வண்ணம் பூசிப் புகைப்படம் எடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். முதலில் செய்ய வேண்டியது கூரை. வட்டவளை போல நாட்டிலேயே அதிக மழை பெறும் இடங்கள் இருக்கும் மலைச்சரிவு இது. தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மாதக்கணக்கில் தகரம் காய்வதில்லை. மரச் சட்டங்களில் முதலில் உளுப்பது நடுப்பகுதி அல்ல, சுவருக்குள் செருகியிருக்கும் முனைகள்தான். கீழே நின்று பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. ஒவ்வொரு முனையையும் தட்டிப் பார்த்து, உளுத்த பகுதியை மட்டும் வெட்டி, புதிய மரத்தைப் பொருத்த வேண்டும். அடுத்தது தண்ணீர் வடியும் பீலியும் பின்சுவரோரக் கானும். அதன் பிறகு சுவர். கடந்த காலத்தில் யாரோ நல்லெண்ணத்தில் கீழ்ப்பகுதிக்குச் சிமெந்துப் பூச்சுப் போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்துச் சுவர் உள்வாங்கும் ஈரத்தை வெளியே விட்டு மூச்சுவிடக்கூடியது. சிமெந்து அந்த ஈரத்தை உள்ளே அடைத்துவிடுவதால் செங்கல் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. சிமெந்தைக் கொத்தி எடுத்து மீண்டும் சுண்ணாம்பே பூச வேண்டும். மின்கம்பிகளையும் அவசர வாசல்களையும் இன்றைய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பத் திருத்தியாக வேண்டும், இதில் பழைமைக்காக விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. இருக்கைகளும் ஒலியமைப்பும் புதிய படக்கருவியும் அதற்குப் பின்னால் வரட்டும். 35 மில்லிமீற்றர் இயந்திரங்கள் இரண்டும் அந்த அறையிலேயே நிற்கட்டும். புதிய கருவிக்கு அதிக இடம் வேண்டியதில்லை.

சபையின் அடுத்த அமர்வில் இந்த வரைபடம் வாக்கெடுப்புக்கு வரும் என்கிறார்கள். அன்றைக்கே இறுதி முடிவு எடுக்கும்படி நான் கேட்கவில்லை. மண்சரிவு அறிக்கை பகிரங்கமாகும்வரை முடிவை ஒத்திவையுங்கள். அந்த இடைக்காலத்தில், உரிமையாளரின் சம்மதத்துடன், பல்கனிக்கு மேலே ஒழுகும் பகுதியின் தகரங்களை மாற்ற ஊர்ச் சங்கங்களுக்கு அனுமதி கொடுங்கள் என்பதே இப்போதைய கோரிக்கை. இரண்டு தச்சர்கள் கூலியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வரச் சம்மதித்திருக்கிறார்கள். ஏணியைப் பிடிப்பதற்கும், எந்தச் சட்டத்தில் கால் வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது என்று காட்டுவதற்கும் ஆபரேட்டர் ஐயா வருகிறார்.